பாத்து வரக்கூடாதா

"தரை ஈரமா இருந்துச்சு, நான் வழுக்கி விழுந்தேன்." இவ்வளவுதான் வாக்கியம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. கட்டிலில் சாய்ந்து, முழங்காலுக்குக் கீழே தலையணையை முட்டுக்கொடுத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக ஆரம்பிப்பாள். தரை ஈரமா இருந்துச்சு. நான் வழுக்கி விழுந்தேன். அங்கே நிறுத்த வேண்டும். நிறுத்தமாட்டாள். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, "நானும் கொஞ்சம் பாத்து வந்திருக்கலாம்" என்று வால் ஒன்றை ஒட்டவைப்பாள்.

"அந்த வாலை வெட்டும்மா, வெட்டும்மான்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரிடி. என் தப்புதான்."

தப்பு என்று சொல்லாதே என்றால் அதற்கும் ஒரு தப்பை ஒத்துக்கொள்பவளை வைத்துக்கொண்டு நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த ஒத்திகையில் கடைக் கம்பெனியின் வக்கீல் நான். குரலைக் கனமாக்கிக்கொண்டு, "சொல்லுங்கம்மா, என்ன நடந்தது?" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலிக்கும். வலித்ததும் அதற்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

விழுந்தது தெருமுனையைத் தாண்டி இருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டில். பால் வைக்கும் குளிர்பெட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்க ஆளில்லையோ மனமில்லையோ, ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தண்ணீர்மேல் விரித்துவிட்டிருந்தார்கள். 'வழுக்கும், கவனம்' என்று எழுதிய மஞ்சள் பலகையும் இருந்தது, மடித்துச் சுவரோரமாகச் சாத்தியபடி. அம்மா அட்டைமேல் கால் வைத்தாள், அட்டை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள், அது சரியாகச் சேரவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்து மூட்டு மாற்றினால் பழையபடி நடப்பாள் என்கிறார் டாக்டர். செய்யாவிட்டால் இந்தக் கட்டில், அந்த நாலுகால் வாக்கர், குளியலறை வரைக்கும் ஒரு பயணம், அவ்வளவுதான் அவள் உலகம். அந்த ஆபரேஷனுக்கு எங்கள் கையில் வழியில்லை. கடைக்காரன் கொடுத்தால்தான் உண்டு. வழக்கு அதற்காகத்தான்.

அம்மா குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவள். காலையில் பெற்றோர் இறக்கிவிட்டுப் போகும் பிள்ளைகளை இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி இறங்கியவள். ஊரான் பிள்ளைகளை அத்தனை வருஷம் தூக்கியதில் ஒரு பால்புட்டியைக்கூடக் கீழே விட்டதில்லை. ஆபரேஷன் மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எந்த இடுப்புடி ஒடைஞ்சுது? பிள்ளை தூக்குற பக்கமா?" அந்தப் பக்கம்தான். அவளிடம் 'இல்லை' என்று சொன்னேன்.

நான் கூரியர் ஆபீசில் கவுண்டரில் உட்காருகிறவள். ரசீது இல்லாமல் யாரையும் நம்பாத தொழில். அதனால் என் பங்குக்கு எதையும் விட்டுவைக்கவில்லை. அன்றைக்கே கடைக்குப் போய் அட்டை, குளிர்பெட்டி, மடித்த பலகை எல்லாவற்றையும் படம் எடுத்தேன். அம்மாவின் செருப்பைக் கழுவாமல் பையில் கட்டி பீரோமேல் வைத்தேன். கடை மேனேஜர் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, "சும்மா ஒரு கையெழுத்து, நாங்க வந்து பாத்ததுக்கு" என்று ஒரு தாளை நீட்டினார். அம்மா கையெழுத்துப் போட எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் பேனாவைப் பிடுங்கினேன். எங்கள் வக்கீலம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாக் கட்சிக்காரங்களும் உங்களை மாதிரி இருந்தா என் வேலை பாதி முடிஞ்சுடும்" என்றார். எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

அப்புறம் கடைக்காரர்கள் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கடைக்குள் யாராவது விழுந்தால் சூப்பர்வைசர் உடனே போனில் படம் பிடித்துவிட வேண்டுமாம். தூக்கிவிடுவது அப்புறம். வக்கீலம்மாவின் அறையில், மேஜைமேல் வைத்த போனில் அதை ஓடவிட்டு நானும் அப்பாவும் பார்த்தோம். அம்மா தரையில் கிடக்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது. தரை துடைக்கும் பெண் பதறிக்கொண்டு வருகிறாள். "ஒண்ணுமில்லம்மா, நீ பயப்படாதே, என் தப்புதான்" என்று அம்மா அவளைத் தேற்றுகிறாள். சூப்பர்வைசரைப் பார்த்து, "உங்களுக்கும் சிரமம்" என்கிறாள். அப்போது பில் போடும் வரிசையிலிருந்து அப்பா ஓடிவருகிறார். படத்தில் அவருடைய முதுகு மட்டும்தான் தெரிகிறது. கையில் கூடை. அவர் குனியவில்லை.

"பாத்து வரக்கூடாதா? கண்ணு எங்க இருக்கு உனக்கு? எங்க கூட்டிட்டுப் போனாலும் விழறதே உனக்கு வேலை!"

கடை முழுக்கக் கேட்கும் குரல். தரையில் கிடந்தபடியே அம்மா, "மன்னிச்சுக்குங்க" என்கிறாள். அதோடு படம் முடிகிறது.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை டிப்போவில் ஒப்படைத்துவிட்டு வந்தார், ஹாரனை மட்டும் வாயில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். குறுக்கே பாய்கிறவனை எல்லாம் "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கேட்டே காலம் தள்ளியவருக்கு, பயம் வந்தால் அது கத்தலாகத்தான் வெளியே வரும். சின்ன வயதில் நான் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்தபோதும் முதலில் திட்டு, பிறகுதான் மருந்து. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தேன். அம்மாவோ திட்டு வருவதற்கு முன்பே தப்பை ஒத்துக்கொண்டுவிட்டால் திட்டு சீக்கிரம் முடியும் என்று கண்டுபிடித்து, அதையே ஒரு வாழ்க்கையாகச் செய்துவிட்டாள்.

வக்கீலம்மா போனை எடுத்து உள்ளே வைத்தார். "ஈரம் இருந்ததை அவங்க மறுக்கலை. இந்தம்மா எங்க போனாலும் விழறவங்க, புருஷனே சொல்றாரு, அதுக்குக் கடை என்ன பண்ணும்னு கேக்கப் போறாங்க." அப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, அவங்க இதுக்கு முன்னாடி எங்கயாவது விழுந்திருக்காங்களா?"

அப்பா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லம்மா."

"ஒரு தடவைகூட?"

"அவ விழமாட்டா. நான்தான்... வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன்."

"அப்ப அதைக் கூண்டுல ஏறிச் சொல்லணும். அவ விழுந்ததே இல்லை, நான் சொன்னது பொய்னு சொல்லணும். எல்லாரும் இருப்பாங்க. துருவித் துருவிக் கேப்பாங்க. சொல்வீங்களா?"

அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரோட்டில் ஒருவன் சிவப்பு விளக்கில் குறுக்கே வந்தான், அவனைக்கூட அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. கட்டிலில் கிடப்பவள் அம்மா, அந்தக் கட்டிலிலிருந்து அவளை எழுப்ப இருந்த ஒரே வழியில் இவர் வாய் கல்லைப் போட்டிருக்கிறது. அந்த ஆத்திரத்தை மென்று விழுங்கிக்கொண்டுதான் அன்று இரவு அவருக்குச் சோறு போட்டேன்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் காயப்போட்ட துணிகளை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். அப்பா எனக்கு முன்னால் வந்திருந்தார். கொடியில் தொங்கிய போர்வைக்கு எதிரில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "அவ ஒரு நாளும் விழுந்ததில்லைங்க. நான் சொன்னது பொய்ங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். 'பொய்' என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கியது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் துணி எடுக்காமலே இறங்கிவிட்டேன். கீழே அம்மாவின் கட்டில் ஜன்னலை ஒட்டித்தான் இருக்கிறது. ஜன்னல் திறந்திருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், ஆனால் தூங்கவில்லை.

கோர்ட் என்றால் சினிமாவில் வருகிற மாதிரி ஒன்றுமில்லை. காற்றாடி கிறீச்சிடும் ஒரு அறை, நீளமான மேஜை, ஒரு நீதிபதி. சாட்சிகள் முறை வரும்வரை வெளியே இருக்க வேண்டும் என்பதால் அப்பாவை வெளி நடையில் இருந்த பெஞ்சில் உட்காரவைத்தார்கள். தேய்த்த சட்டை, கழுத்துவரை போட்ட பட்டன். அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது.

சக்கர நாற்காலியில் இருந்தபடியே அம்மா சத்தியம் செய்தாள். எங்கள் வக்கீலம்மா கேட்டதும், "தரை ஈரமா இருந்துச்சு. நான் வழுக்கி விழுந்தேன்" என்றாள். நிறுத்தினாள். வால் இல்லை! நான் பின்வரிசையில் உட்கார்ந்து என் கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

கம்பெனி வக்கீல் கெட்டவர் மாதிரி தெரியவில்லை. "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்றுதான் ஆரம்பித்தார். வீடியோவைப் போட்டுக் காட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் பொய் சொல்ற ஆளாம்மா?"

அம்மா மடியில் இருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தாள்.

"விழறதே உனக்கு வேலைன்னு சொல்றாரே. அது நிஜமா, பொய்யா? பொய்னா பொய்னு சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்லை. வெளியிலதான் இருக்காரு. கூப்பிட்டு அவர்கிட்டயே கேட்டுடலாம்."

அம்மா கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. அதன் கம்பி போட்ட கண்ணாடிக்கு அப்பால் அப்பாவின் தலை நிழலாகத் தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து ஓடிப்போய் வாயைப் பொத்தலாம்போல இருந்தது.

"அவர் சொன்னது சரிதாங்க" என்றாள். "நான் எப்பவும் அப்படித்தான். அடிக்கடி விழுவேன். அவரைக் கூப்பிட வேணாங்க."

எங்கள் வக்கீலம்மா பதறி எழுந்தார். எங்கே விழுந்தீர்கள், எப்போது என்று கேட்டார். அம்மாவுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. தடுமாறித் தடுமாறி ஒரு படியைச் சொன்னாள், ஒரு குழாயடியைச் சொன்னாள், காப்பகத்தில்கூட ஒரு தடவை என்றாள். தன் வாயாலேயே ஒவ்வொரு இடமாகத் தன்னை விழவைத்தாள். டைப் செய்கிறவர் அத்தனையையும் டைப் செய்தார்.

வெளியே வந்ததும் அப்பா சட்டென்று எழுந்து நின்றார். "கூப்பிட்டாங்களா?"

"உங்களைக் கூப்பிட மாட்டாங்கப்பா."

"ஏன்? நான் சொல்றேம்மா. சரியாச் சொல்லிடுவேன்." வக்கீலம்மாவைப் பார்த்தார். "சொல்றேங்க."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே நீங்க சொன்னா அவங்க சத்தியம் பண்ணிப் பொய் சொன்னதா ஆயிடும் ஐயா. தீர்ப்புக்குத் தேதி சொல்லுவாங்க. பாக்கலாம்." அந்தப் 'பாக்கலாம்' எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்தது.

சக்கர நாற்காலியில் அம்மா நிம்மதியாக இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "முடிஞ்சுதுங்க. வீட்டுக்குப் போலாம். உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா கார் பிடிக்கப் போனார்.

அவர் போனதும் நான் குனிந்து அவள் காதருகே கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். "ஏம்மா இப்படிப் பண்ணினே? நடக்கணும்னு ஆசையே இல்லையா உனக்கு?"

"இருக்குடி."

"பின்னே?"

அம்மா மடியில் இருந்த துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள். "படம் எடுத்தவன் அவருக்குப் பின்னாடி நின்னான். உங்க யாருக்கும் அவர் மூஞ்சி தெரியலை. நான் கீழ கிடந்தேன், எனக்குத் தெரிஞ்சுது." துண்டை மறுபடி பிரித்தாள். "நாலு பேர் முன்னாடி அந்த மனுஷன் நான் பொய்யன்னு சொல்லணுமா? மாடியில ஒத்தையில சொல்லிப் பாக்கறப்பவே அவருக்குக் குரல் வரலை."

அவர் முகத்தில் அன்றைக்கு என்ன இருந்ததோ, அதை அவளுக்கு மட்டும் காட்டிவிட்டு, ஊருக்கெல்லாம் கேட்கும்படி அந்தத் திட்டையா திட்ட வேண்டும்? கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் தன் தப்பு என்பாள்.

வீட்டு வாசலில் ஒரே ஒரு படி. காரிலிருந்து இறக்கி வாக்கரைப் பிடிக்கவைத்தோம். அம்மா படிக்கு எதிரே வந்து மூச்சு வாங்கி நின்றாள். நல்ல காலைத் தூக்கினாள். பக்கத்தில் நின்ற அப்பாவின் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது.

"பாத்து வர..."

அங்கேயே நின்றுவிட்டார்.

"சரிங்க" என்றாள் அம்மா, முழுவதும் கேட்டுவிட்டது போல.

அப்பா அவளுக்கு முன்னால் போய் முழங்காலிட்டார். உள்ளங்கையால் படியைத் துடைத்தார், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. மழையில்லாத நாள், சிமென்ட் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. கையைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி துடைத்தார். குனிந்த தலைக்குக் கீழே அவர் உதடு அசைந்தது, கோர்ட் நடையில் அசைந்தது போலவே. என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவள் வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு, தூக்கிய காலை இறக்காமல், அவர் எழுந்திருப்பதற்காகக் காத்து நின்றாள்.