பதினான்கு திருகாணிகள்

மிஸஸ் ப்ராசர் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

போனில் அவள் குரலில் கடுமையே இல்லை. அதுதான் கேய்னருக்குப் பயமாக இருந்தது. "உடைஞ்ச வண்டி, டேப் ஒட்டின வண்டி எதையும் நான் உள்ள விடறதில்லம்மா. மத்தவங்க ஜன்னலைத் திறந்தா அதைத்தானே பாக்கணும்? நேர்ல பாத்துட்டு சொல்றேன்."

அக்டோபர் கடைசியோடு அந்தக் கடற்கரையில், அவள் தங்கியிருந்தது உட்பட, எல்லா கேரவன் முகாம்களும் மூடிவிடும். குளிர்காலம் முழுக்கத் திறந்திருப்பது மலைச்சரிவில் இருந்த ப்ராசர் பண்ணை மட்டும்தான். மற்றவர்கள் தங்கள் கேரவனைக் காருக்குப் பின்னால் மாட்டி, வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கேய்னருக்கும் அவள் கணவன் ட்ரெவருக்கும் கேரவன்தான் வீடு. ட்ரெவர் ஓய்வு பெற்ற கையோடு ரெக்ஸம் நகரில் இருந்த வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். அது அவன் ஆசை. தன் ஆசையும்தான் என்று அப்போது அவள் நினைத்திருந்தாள். இரண்டாம் வருடம் அவன் கைகள் நடுங்கத் தொடங்கின. இப்போது மாதம் ஒருமுறை இங்கிருக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். தூரமாக எங்கும் போக முடியாது.

கேரவனின் பின்பக்கக் கீழ்ப் பேனல் வெடித்திருந்தது. பதினெட்டு கோடை வெயிலைக் குடித்த வெள்ளைப் பிளாஸ்டிக். விரலால் தட்டினால் காய்ந்த பிஸ்கட்டைப் போலச் சத்தம் வந்தது. விரிசல்கள் எல்லாம் திருகாணித் துளைகளில்தான் பிறந்திருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று நான்கு கோடுகள், கண்ணோரச் சுருக்கங்கள் போல.

பக்கத்து இடத்தில் கூடாரத் துணியை மடித்துக்கொண்டிருந்த மால்ட்வின் வந்து குனிந்து பார்த்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாகக் கேரவனோடு அலைபவர்.

"யாரோ நல்லா முறுக்கி விட்டிருக்காங்க" என்றார். "யாருங்க அந்தப் பலசாலி?"

கேய்னர் நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே ஜன்னலோரம் ட்ரெவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பால் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இயந்திரம் பூட்டியவன். அவன் கண்ணில் பட்ட எதுவும் ஆடக் கூடாது. அலமாரிக் கீல், கதவுப் பிடி, நாற்காலிக் கால் எல்லாவற்றையும் முறுக்கி இறுக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான்.

"பழைய பிளாஸ்டிக்கை இறுக்கிக் கட்டவே கூடாது" என்றார் மால்ட்வின். "குளிர்ல சுருங்கும், வெயில்ல நீளும். நகர இடம் குடுக்கணும். துளையைக் கொஞ்சம் பெருசாக்கி ரப்பர் வாஷர் போடுங்க. ஸ்க்ரூ தலை தொட்டதும் நிறுத்திட்டு, கால் சுத்து பின்னாடி திருப்பி விடுங்க. கை வெச்சா லேசா ஆடணும். ஆடினாத்தான் பிழைக்கும்."

"ஒட்டறதுக்கு?"

"அதே ஜாதி பிளாஸ்டிக்கை அசிட்டோன்ல கரைச்சுக் கூழாக்கணும். சின்னப் பசங்க அடுக்கி விளையாடற வெள்ளைக் கட்டை இருக்கில்ல, அதுவும் இதுவும் ஒண்ணுதான்."

அந்தக் கட்டைகள் அவளிடம் இருந்தன. வீட்டை விற்றபோது எதையெல்லாமோ கொடுத்துவிட்டு, மகன் கெதினின் விளையாட்டுப் பெட்டியை மட்டும் கட்டிலுக்கு அடியில் திணித்துக்கொண்டு வந்திருந்தாள். கெதினுக்கு இப்போது முப்பத்தாறு வயது. ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவான். ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியைக் கவிழ்த்து வெள்ளைக் கட்டைகளைப் பொறுக்கினாள். ஒன்றின் ஓரத்தில் பல் பட்ட தடம் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதையும் அசிட்டோன் ஊற்றிய ஜாடிக்குள் போட்டாள். கட்டைகள் முனை மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, சாயங்காலத்துக்குள் கஞ்சியாகிவிட்டன. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடைதான் மூக்கில் ஏறியது.

பேனலைக் கழற்றிப் புல்லில் கவிழ்த்தாள். ஒவ்வொரு விரிசலும் முடியும் இடத்தைத் தேடி, அங்கே ஊசி அளவு துளை போட்டாள். துளையைத் தாண்டி விரிசல் ஓடாது. கூழைக் கோடுகளுக்குள் இழைத்தாள். பின்பக்கம் கண்ணாடி இழைத் துணியை வெட்டி வைத்து, அதன் மேல் மறுபடி கூழ், மறுபடி துணி. காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தாள்.

ட்ரெவர் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கேக்குக்கு க்ரீம் தடவற மாதிரி தடவறியே, கண்ணு."

"நீ திங்கறதுக்கு மட்டும் வா."

"அழுத்தித் தேய். நான் வரட்டுமா?"

"வேணாம், குளிருது. உள்ளயே இரு."

அவன் ஜன்னலை மூடிக்கொண்டான். 'வேணாம்' என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். கோப்பையைத் தூக்காதே, வேணாம். கெட்டிலைத் தொடாதே, வேணாம். ஒவ்வொரு முறையும் அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ விட்டுப்போன சாமான்களைப் போல அவற்றைப் பார்ப்பான்.

செவ்வாய்க்கிழமை மதியம் பேனலை மாட்டினாள். பதினான்கு திருகாணிகள். ஒவ்வொன்றும் தொட்டதும் நிறுத்தி, கால் சுற்று பின்னால். உள்ளங்கையை வைத்து ஆட்டிப் பார்த்தாள். லேசாக, சொன்னபடியே அசைந்தது. மால்ட்வின் கிளம்பும்போது கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

அவர் சொன்ன அந்தக் கால் சுற்றை மட்டும் அவள் ட்ரெவரிடம் சொல்லவில்லை. சொன்னால், முதலில் வெடித்ததும் உன் கையால்தான் என்று சொன்னதாக ஆகிவிடும். இருப்பதையெல்லாம் இழந்துகொண்டிருப்பவனிடம், திடமாக இருந்த காலத்தில் செய்ததும் தப்பு என்று எப்படிச் சொல்வது? அதனால் வாயை மூடிக்கொண்டாள். அதை அன்பு என்றே நினைத்தாள்.

புதன்கிழமை அவள் துணிகளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் சலவை நிலையத்துக்குப் போனாள். கேஸ் சிலிண்டரும் மாற்ற வேண்டியிருந்தது. திரும்பி வர நான்கு மணி ஆனது. ட்ரெவர் கன்னம் சிவந்து, தலைமுடி கலைந்து, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"பசிக்குது" என்றான். "ரெண்டு முட்டை போடு. ரொட்டியும்."

அவனாகக் கேட்டுச் சாப்பிட்டு மாதக்கணக்காகியிருந்தது.

"என்னாச்சு உனக்கு? வெளியில போனியா?"

"ஒரு சின்ன வேலை இருந்துச்சு."

"என்ன வேலை?"

"இப்ப சொல்ல மாட்டேன். நாளைக்கு அந்தப் பண்ணை மகாராணி வந்துட்டுப் போகட்டும், அப்புறம் சொல்றேன். நீ நான் எதுக்கும் லாயக்கில்லன்னு நினைச்சிட்டிருக்க."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"வாயால சொல்லல." சிரித்தான். முள்கரண்டி தட்டில் தாளம் போட்டது. இருவருமே அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் அந்த முகம் அணைந்துவிடுமோ என்றிருந்தது. அன்று இரவு உறைபனி விழும் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

வியாழன் காலை புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஒன்பது மணிக்கு வெயில் கேரவனின் முதுகில் விழுந்தது. மிஸஸ் ப்ராசர் வருமுன் ஒருமுறை துடைத்துவிடலாம் என்று அவள் துணியோடு பின்பக்கம் போனாள்.

பேனலின் குறுக்கே, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, புது விரிசல் ஒன்று வாய் போலத் திறந்திருந்தது. அவள் ஒட்டிய இடங்கள் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், முன்பு கீறல் எதுவுமே இல்லாத இடத்தில் வெடித்திருந்தது. திருகாணித் தலைகள் எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் புதைந்து கிடந்தன. ரப்பர் வாஷர்கள் நசுங்கி வெளியே பிதுங்கியிருந்தன. தலைகளைச் சுற்றிலும் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிப் போட்ட கீறல்கள், எண்ணி முடியாத அளவு. எத்தனை முறை நழுவியிருக்கும், எத்தனை முறை இரண்டு கையாலும் பிடித்துத் திரும்ப வைத்திருப்பான். கீழே புல்லில் அவனுடைய கைக்குட்டை பனியில் விறைத்துக் கிடந்தது.

ஆடுகிறதே, பாவம், அவள் கைக்கு இறுக்க வலுவில்லை என்று நினைத்திருப்பான்.

மிஸஸ் ப்ராசர் சரியாகப் பத்து மணிக்கு வந்தாள். பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்றாள் கேய்னர்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

"திரும்ப ஒட்டிடுவேன். ஒரு வாரம் குடுங்க."

"இங்க சனிக்கிழமை கேட்டைப் பூட்டறாங்க. அதுக்கப்புறம் எங்க வெச்சு ஒட்டுவீங்க?" அவள் குனிந்து நசுங்கிய வாஷர் ஒன்றைத் தொட்டாள். "இவ்வளவு இறுக்கியிருக்கக் கூடாது."

நான் இல்லை என்ற சொல் கேய்னரின் தொண்டை வரை வந்தது. ஜன்னலில் ட்ரெவர், சட்டை மாற்றி, தலை வாரி, இவர்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தான்.

"தெரியாமப் பண்ணிட்டேன்" என்றாள். "எங்களுக்கு வேற இடமில்ல, மிஸஸ் ப்ராசர்."

மிஸஸ் ப்ராசரும் ஜன்னலைப் பார்த்தாள். ஒரு கணம் ஏதோ சொல்லப்போகிறவள் போலத் தெரிந்தது. "இன்னும் ரெண்டு குடும்பம் கேட்டிருக்காங்க. மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கேய்னர் உள்ளே போனாள்.

"என்ன சொன்னா?"

"இடம் நிறைஞ்சு போச்சாம். நாம கேட்டது லேட்டாம்."

"அட." அவன் முகம் சுருங்கியது. பிறகு மெதுவாக, "பேனல்?" என்றான்.

"பாத்தா."

"ஆடுச்சா?"

"ஒரு இம்மி ஆடல. தட்டிப் பாத்தா. இவ்வளவு நேர்த்தியா யாரு பண்ணினதுன்னு கேட்டா."

அவன் தன் கைகளை மேசை மேல் எடுத்து வைத்தான். நடுங்கும் இரண்டையும் மறைக்காமல் வைத்தான். "பதினாலும் நான்தான், கண்ணு. நீ லூசா விட்டிருந்த. மூணு மணி நேரமாச்சு." அவன் கண்கள் நனைந்திருந்தன. "அடுத்த இடத்துலயும் நானே பாத்துக்கறேன்."

"சரி" என்றாள்.

சனிக்கிழமை எங்கே இழுத்துக்கொண்டு போவது என்று தெரியவில்லை. அதுவரை அவன் பின்பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும். இருக்கும் நாள் எல்லாம்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. வெடித்த பேனலின் முன் முழங்காலிட்டு, முதல் திருகாணியைக் கால் சுற்று பின்னால் திருப்பினாள். இனி அதில் பயனில்லை என்று தெரிந்தே இரண்டாவதைத் திருப்பினாள். உள்ளிருந்து ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்டது.

"கண்ணு, டீ போடட்டா? நானே போடறேன்."

"போடு" என்றாள் அவள், மூன்றாவதில் ஸ்க்ரூடிரைவரை வைத்தபடி.