ஐம்பது மைலுக்கு மேல் மழை இல்லை

மணிக்கு ஐம்பது மைலைத் தாண்டிவிட்ட திறந்த காருக்குள் மழை விழாது. இது ராண்டல் மிட்ஜ்லி கண்டறிந்த இயற்கை விதி. காற்று முன்கண்ணாடியில் ஏறி, ஓட்டுகிறவனின் தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரையைப் போட்டுவிடுகிறது. மழை அதில் வழுக்கி, பின்னால் வருகிறவன் மேல் விழுகிறது. நாற்பத்தொன்பது மைலில் இது பலிக்காது. சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் ஆட்டு மந்தை சாலையைக் கடக்கும்போதும் விதிக்கு ஓய்வு. மற்றபடி குறை சொல்ல ஏதுமில்லை.

ஹெப்டன் பிரிட்ஜ் மாதிரி ஒரு மழைக்கார ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு விதியைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். மழை பெய்யாத நாட்களை அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொன்றாக நினைவு வைத்திருப்பார்கள். ஆனால் ராண்டலுக்கு விதியின் மேல் முழு நம்பிக்கை இருந்தது. அதனாலேயே அதைச் சோதித்துப் பார்க்கும் அவசியம் வரவில்லை. வானம் கறுத்தால் அவன் காரை ஷெட்டை விட்டு எடுப்பதில்லை.

கார் 1968ஆம் வருடத்தது. பச்சை நிறம், இரண்டே இருக்கைகள், மடித்து வைக்கிற துணிக்கூரை. ஆண்மகன் அந்தக் கூரையை விரிக்க மாட்டான் என்பது ராண்டலின் கிளை விதி. பழங்கார் சங்கத்தின் செயலாளர் டட்லி கிராக் இரண்டு தூறல் விழுந்ததும் ஓரங்கட்டிக் கூரையை இழுத்து மாட்டுகிற ஆள். "டட்லி எங்கப்பா கார் ஓட்டுறான்? கூடாரத்த ஊர் ஊரா தள்ளிக்கிட்டுப் போறான்" என்று ராண்டல் சங்கத்தில் வருடா வருடம் சொல்வான். எல்லோரும் வருடா வருடம் சிரிப்பார்கள்.

அவன் மனைவி ஹெஸ்டர் மட்டும் சிரித்ததில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் மலைச்சாலையில் அடைமழை பிடித்துக்கொண்டபோது வைப்பர் பாதியில் நின்றது. ஒன்பது மைல் தூரம் அவள் வெளியே எட்டி, கைத்துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் தேநீர் போட்டுக் குடித்தாள். அதோடு அந்தக் காரில் ஏறுவதை விட்டுவிட்டாள். அவள் இடத்தில் ஸ்பானர் பெட்டி உட்கார்ந்தது. ராண்டல் அதற்கு பெல்ட்டும் மாட்டுவான். அது பேசாது, அது ஒன்றுதான் குறை.

இந்த வருடம் சங்கத்தின் இலையுதிர்காலப் பயணம் மலையைத் தாண்டி ஹாஸ் என்கிற ஊர் வரை. சனிக்கிழமை காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஹெஸ்டர் சொன்னாள்: "நாளைக்கு நானும் வரலாம்னு இருக்கேன்."

எதிரே தன் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்த ராண்டலின் கத்தி நின்றது. "நம்ம கார்லயா?"

"வைப்பர் ஓடினா நம்ம கார்ல. இல்லேன்னா டட்லி கார்ல. அவன் பக்கத்து சீட்டு காலியாம். கூரையும் இருக்குல்ல."

"டட்லி பக்கத்துலயா?"

"தேன் புட்டிய இப்படித் தள்ளு, கண்ணு."

ராண்டல் ஷெட்டுக்கு ஓடினான். சுவிட்சைப் போட்டான். இரண்டு வைப்பர்களும் திங்கட்கிழமை காலையில் எழுப்பப்பட்டவர்கள் மாதிரி கால்வாசி எழுந்து, முனகி, அப்படியே நின்றன. மோட்டார்தான் பழுது என்று உடனே தெரிந்துவிட்டது. ஏனென்றால் அவனிடம் ஒரு மாற்று மோட்டார் இருந்தது. பழங்கார்க்காரர்களின் வைத்தியம் இப்படித்தான். எந்த உதிரிப்பாகம் கையில் இருக்கிறதோ, காருக்கு அந்த நோய்.

மோட்டாரை மாற்ற மதியமாகிவிட்டது. விரல் முட்டிகளில் தோல் போனது. புது மோட்டாரும் அதே கால்வாசியில் அதே சுருதியில் முனகியது. அடுத்து ஃபியூஸை மாற்றினான். எர்த் ஒயரை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தான். விளக்குகள் அற்புதமாக எரிந்தன. விளக்குகளைப் பற்றி யாரும் எப்போதும் புகார் சொன்னதில்லை.

ஹெஸ்டர் தேநீரோடு வந்தாள். அவள் மூட்டுகளையும் தசைகளையும் பழக்கி எடுக்கிற பிசியோதெரபிஸ்ட். பாதி ஊரின் முழங்கால்கள் அவள் கைபட்டவை.

"மோட்டார் தனியா ஓடுதா?"

"தனியாவா? அதென்ன தனிக்குடித்தனமா? வைப்பரோட சேந்துதான் ஓடும்."

"பிரிச்சுப் பாத்தியா இல்லையா?"

"மின்சாரக் கோளாறு கண்ணு இது. முட்டி வலி இல்ல."

"தோள் வலின்னு வர்றவர நான் முதல்ல சட்டையக் கழட்டச் சொல்லுவேன். ஆபரேஷன முடிச்சுட்டு, எங்க, இப்ப சட்டையக் கழட்டுங்கன்னு சொல்றதில்ல."

ராண்டல் மோட்டாரின் மூடியைத் திறந்து, அதிலிருந்து வைப்பர்களுக்குப் போகும் கேபிளின் முனையைக் கழற்றிவிட்டு, சுவிட்சைப் போட்டான். மோட்டார் தேனீ மாதிரி பாடியது. சந்தேகத்தில் பழைய மோட்டாரையும் இணைத்துப் பார்த்தான். அதுவும் பாடியது. குற்றமில்லாமல் வேலை இழந்த அந்த மோட்டாரை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"இப்ப அந்தக் கேபிள இழு" என்றாள் ஹெஸ்டர்.

முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு குழாய்க்குள் ஓடி, இரண்டு சின்னப் பல்சக்கரங்களைத் திருப்புகிற கேபிள் அது. அசையவில்லை. இருவரும் சேர்ந்து காலை ஊன்றி இழுத்தார்கள். அங்குலம் அங்குலமாக வந்தது. அதன் மேலிருந்த கிரீஸ் காய்ந்து, கறுத்து, பல்லை உடைக்கிற டாஃபி மிட்டாய் மாதிரி இருந்தது. ஹெஸ்டர் நகத்தால் சுரண்டினாள்.

"இத கடைசியா எப்ப ஓட்டின?"

"தேவைப்படல."

"பதினோரு வருஷமாவா? இந்த ஊர்லயா?"

"மழையில எடுக்கறதில்லையே."

"உறைஞ்ச தோள்னு ஒரு நோய் உண்டு, ராண்டல். வலிக்குமோன்னு கையத் தூக்காமலே இருப்பாங்க. அப்புறம் நெசமாவே தூக்க வராது. மோட்டார் என்னடா பண்ணும் பாவம்?"

தான் கண்டறிந்த விதி சரியாக எந்த இடத்தில் போய்க் காய்ந்திருக்கிறது என்பதை ராண்டல் குனிந்து பார்த்தான். பிறகு மண்ணெண்ணெய் எடுக்கப் போனான்.

இறைச்சி வாட்டும் பழைய தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் கேபிளைத் தேய்த்தான். நூலில் துணியைக் கட்டிக் குழாய்க்குள் இழுத்தான், துணி கறுப்பாகாமல் வரும்வரை. ஓட்டுநர் பக்கத்து வைப்பரின் அச்சு இறுகியிருந்தது. ஹெஸ்டர் அதில் எண்ணெய் விட்டு, இடுக்கியால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். "விடு, உடம்ப விடு... வலிக்குதா?" என்று அச்சிடம் கேட்டாள்.

"எங்கிட்ட இப்படிக் கேட்டதே இல்ல" என்றான் ராண்டல்.

"உனக்கு வலிச்சா ஊருக்கே கேக்குமே."

புது கிரீஸ் தடவி எல்லாவற்றையும் மாட்டினார்கள். அவசரத்தில் ராண்டல், மோட்டாரை அதன் ஓய்வு நிலைக்கு வரவிடாமலே வைப்பர் கைகளைப் பொருத்திவிட்டான். சுவிட்சைப் போட்டதும் ஒன்று கண்ணாடிச் சட்டத்தைப் பளாரென்று அறைந்தது. இன்னொன்று பக்கத்து ஊரான ஹாலிஃபாக்ஸுக்கு வழி காட்டியது. ஹெஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராண்டல் வைப்பர் கைகளைக் கழற்றி, மோட்டார் ஒரு சுற்று ஓடித் தானாக நிற்கும்வரை காத்திருந்து, மறுபடி மாட்டினான்.

காரை முற்றத்துக்குத் தள்ளினார்கள். ஹெஸ்டர் பூவாளியால் கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றினாள். உள்ளே இருந்த ராண்டலுக்கு அவள் முகம் கரைந்து போனது. வைப்பர் வந்தது, முகம் தெளிந்தது. கரைந்தது, தெளிந்தது.

"போதுமா?" என்று அவள் வெளியிலிருந்து கத்தினாள்.

"இன்னும் ஒரு வாளி" என்றான்.

ஞாயிறு காலை ஸ்பானர் பெட்டி டிக்கிக்குப் போனது. ஹெஸ்டர் தலையில் துணி கட்டிக்கொண்டு, மடியில் இஞ்சி கேக் பொட்டலத்தோடு ஏறி உட்கார்ந்தாள். ஸ்கிப்டன் வரை வெயில். மலை ஏறியதும் வானம் இறங்கியது. ராண்டல் வைப்பரைப் போட்டான். இரண்டு கைகளும் ஒழுங்காக எழுந்து, ஒழுங்காகப் படுத்து, மறுபடி எழுந்தன. "ஆகா" என்றாள் ஹெஸ்டர்.

ராண்டல் வேகத்தை ஐம்பத்தைந்துக்கு ஏற்றினான். முள் ஐம்பதைத் தாண்டியதைத் தெளிவாகப் பார்த்தான். மழை அதைப் பார்க்கவில்லை. கண்ணாடி சுத்தமாக இருந்தது; அதற்குப் பின்னால் இருந்த எல்லாம் நனைந்தன. ஹெஸ்டரின் மூக்குக்கண்ணாடியில் துளிகள் ஓடின. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேக் பொட்டலத்தைக் கோட்டுக்குள் நகர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

பதினோரு வருடத்துக்கு முன்னாலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ராண்டல் காரை ஓரங்கட்டினான். இறங்கினான். மடிப்பு மடிப்பாக ஒட்டியிருந்த துணிக்கூரையைப் பிரித்து, அவள் பக்கத்திலிருந்து இழுத்து மாட்டத் தொடங்கினான். முதுகில் மழை ஊற்றியது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு கார் மெதுவாக வந்து, பக்கத்தில் இன்னும் மெதுவானது. கூரைக்குக் கீழே, காய்ந்த சட்டையோடு, வாயைத் திறந்தபடி டட்லி.

ஹெஸ்டர் அவனுக்குக் கையசைத்தாள். ராண்டல் தலையைக் குனிந்துகொண்டு கூரையின் அடுத்த பொத்தானை மாட்டினான்.