சாவு வீட்டில் படப்பிடிப்பு

என் மனைவி ஃப்ரேமா செத்து ஆறாவது வாரம், எங்கள் வழக்கப்படி ஊர் கூட்டி நடத்தும் சாவுச் சடங்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் சினிமா சங்கத் தலைவர் அன்டோபாம் வீட்டுக்கு வந்து, சடங்குப் பந்தலில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் அப்போது இரங்கல் சுவரொட்டிகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, அச்சகத்தில் தப்பாகப் போட்டிருந்த அவள் வயதைப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று என்று போட்டிருந்தார்கள். அவளுக்கு முப்பத்தேழு. ஒவ்வொன்றிலும் எண்ணை அடித்து மேலே எழுதுவது நல்ல வேலையாக இருந்தது. வேறொன்றும் யோசிக்க வேண்டியதில்லை.

"முந்நூறு பேரு கறுப்பும் செவப்புமா துக்கத் துணியில வந்து உக்காருவாங்க, டோம்ஃபே. பேண்டு வாத்தியம் வேற. நாமளா கூட்டினா இந்தக் கூட்டம் வருமா, நீயே சொல்லு" என்றார் அன்டோபாம். கேட்பதற்கு அவருக்கே கூச்சமாகத்தான் இருந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுக்க எனக்கு வாய் ஏது? இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்ததே நான்தான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் சுவாமேயில் ஒரு லாரிக்காரர் செத்தபோது, அவர் வீட்டாருக்கு ஒரு பெட்டி மதுப்புட்டி கொடுத்துவிட்டு, அந்தக் கூட்டத்துக்குள் எங்கள் கதாநாயகியை அழவைத்துப் படம் எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் அசந்துபோனார்கள். அதற்கப்புறம் எங்கள் ஊர் குமாசியில் சங்கத்து ஆள் யார் வீட்டில் பேர் வைத்தாலும், கல்யாணம் நடந்தாலும், எழவு விழுந்தாலும் பந்தக்காலுக்கு அடுத்தபடி வருவது கேமராதான். அகான் மொழிப் படங்களை வளர்க்கவென்று ஆரம்பித்த சங்கம் அது. இப்போது எங்கிருந்தோ வந்த தொடர்களுக்கு எங்கள் மொழியிலேயே குரல் ஒட்டி டிவியில் ஓட்டுகிறார்கள். சாயங்காலமானால் எல்லா வீட்டிலும் அதுதான். எங்கள் சிடியை வாங்க ஆளில்லை. முன்பு வாரத்துக்கு நாலு படம் வெளியிட்ட இடத்தில், இந்த வருடம் சங்கம் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே படம்.

"எடுத்துக்கங்க" என்றேன்.

உள்ளே என் மகள் அம்போமா தன் கறுப்புத் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது.

அவளுக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வழக்கப்படி பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது. தாய் போனபின் மாமன் வைத்ததுதான் சட்டம். ஃப்ரேமாவின் அண்ணன் பாஃபோ, சடங்கு முடியட்டும், பெண்ணைத் தன் ஊரான ஓஃபின்ஸோவுக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நான் அழவில்லை என்பதை அவர் கவனித்துவிட்டார். ஃப்ரேமா சந்தையில் விழுந்து போய்விட்டாள் என்று ஆள் வந்து சொன்னபோதும் அழவில்லை, பிணவறையில் அடையாளம் காட்டியபோதும் அழவில்லை. செத்த ஏழாம் நாள் துக்கம் கேட்கக் கூடிய கூட்டத்தில் பெண்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் அடக்கி வைக்கவில்லை. சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் அல்லவா, அப்படி இருந்தது. ஆறு வாரமாக அப்படியே இருந்தது. பெண் என்னோடு இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். வீட்டுக் கதவு எண் தெரிவது போலத் தெரியும். அதை வாயால் சொல்லத்தான் வரவில்லை.

சனிக்கிழமை டாஃபோ மைதானத்தில் பந்தல் நிறைந்துவிட்டது. என் நாற்காலிக்குப் பக்கத்தில் நடிகர் நிமோவை உட்கார வைத்தார்கள். படத்தில் அவர்தான் மனைவியை இழந்தவர். என்னைப் போலவே கறுப்புத் துணியை இடது தோளில் போட்டிருந்தார். வருகிறவர்கள் வலது ஓரத்திலிருந்து வரிசையாகக் கை குலுக்கிக்கொண்டு வர வேண்டும். என் கைக்கு முன்னால் அவர் கை. நிமோவுக்கு அழுகை குழாய்த் தண்ணீர் மாதிரி. திறந்துவிட்டார். ஓஃபின்ஸோவிலிருந்து லாரியில் வந்திறங்கிய பெரியம்மாமார்கள் என்னை முன்பின் பார்த்ததில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "அழுவாதய்யா, அவ உன்னப் பாத்துட்டுத்தான் இருப்பா" என்றாள். கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் அவரும் புருஷன் தான் இல்லை என்று சொல்லவில்லை. பிறகு அவள் என் கையைத் தொட்டு, "நீங்க இவரு தம்பியா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். எது சுலபமோ அது வாயில் வந்தது.

பாஃபோ எனக்குப் பின்னால் வந்து காதருகே குனிந்தார். "மாப்ள, அந்த ஆளு எந் தங்கச்சி மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. அவன் அழுவுறதப் பாத்து எனக்கே நெஞ்சு அடைக்குது. நீ என்னடான்னா பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரி உக்காந்திருக்க."

நான் தோளில் நழுவிய துணியை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

"பொண்ணோட பெட்டி வண்டியில ஏறிடுச்சு. நாலு மணிக்குக் கெளம்புறோம். அவகிட்டக் கேட்டேன், சரின்னுட்டா. நீ என்ன சொல்ற?"

"பாக்கலாம்" என்றேன்.

அந்த வார்த்தைக்காக இன்றும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். பாஃபோ கொஞ்ச நேரம் நின்றார். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவரும் எதிர்பார்த்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். பிறகு போய்விட்டார்.

மூன்று மணிக்கு அன்டோபாம் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். மகளாக நடிக்க வேண்டிய பெண் ஒபுவாசியிலிருந்து வரும் வழியில் வண்டி பழுதாகி நிற்கிறாளாம். கூட்டம் கலைந்துவிட்டால் அப்புறம் காட்சி இல்லை. அவர் கண் அம்போமா மேல் போய் நின்றது. "ரெண்டே நிமிசம்மா. பக்கத்துல உக்காந்தாப் போதும்."

அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சரி" என்றாள். மாமாவிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பாள்.

எங்கள் படங்களில் எழுதின வசனம் கிடையாது. கேமரா ஓடுவதற்கு முன்னால் ஒருவன் காட்சியைச் சொல்ல வேண்டும். பேச்சை நடிப்பவர்களே பிடித்துக்கொள்வார்கள். சங்கத்தில் அந்த ஒருவன் நான்தான். "நீயே சொல்லிக் குடுத்துடு, டோம்ஃபே" என்றார் அன்டோபாம். நானும் பழக்கதோஷத்தில் இருவரையும் முன்னால் நிறுத்தி, "அம்மா செத்துப்போச்சு. மாமன் வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போறாரு. அப்பனும் மகளும் பேசுறாங்க" என்றேன். எங்கள் படங்களில் பாதிக்கு இதுதான் கதை. கடைக்கு வழி சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன்.

"நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டாள் அம்போமா.

"உனக்குத் தோணுறதச் சொல்லு." எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில்தான்.

கேமரா ஓடியது. நிமோ அவள் பக்கம் சாய்ந்து, கண்ணீர் தாடையில் வழிய, "அம்மாடி, உங்க மாமா வண்டி கொண்டாந்துட்டாரு. என்ன விட்டுட்டுப் போயிருவியா?" என்றார்.

அம்போமா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரோ அந்நியர் வீட்டுக் கொடியில் துணி காய்வதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் பேசினாள். "நீங்க அழுதா எனக்கென்ன, அழலன்னா எனக்கென்ன. அதெல்லாம் இந்த வந்திருக்கிறவங்களுக்கு. நான் ராத்திரி பெட்டியில துணி அடுக்குனேன். நீங்க கதவுகிட்ட நின்னு பாத்துட்டே இருந்தீங்க. இருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. அப்புறம் போயிட்டீங்க. நான் எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு மறுபடி மொதல்லேருந்து அடுக்குனேன். நீங்க வருவீங்கன்னு."

இருபது வருடமாக நடிக்கிற நிமோ துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுகை நின்றுபோயிருந்தது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அடேயப்பா! என்ன பொண்ணுய்யா இது!" என்று அன்டோபாம் துள்ளினார். அவர் கண்ணெல்லாம் ஈரம். "பேண்டு சத்தம் மேல விழுந்துருச்சு. இதே மாதிரி இன்னொருக்கா எடுத்துரலாம்."

நிமோ எழுந்துவிட்டார். என் கையைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, இது எனக்கு வராது. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. "உன்ன யாருய்யா உக்காரச் சொன்னது?" என்று அன்டோபாம் கத்தத் தொடங்கினார்; நிமோ அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார். கேமராக்காரன் புது ஆள், அவனுக்கு ஒன்றும் தெரியாது. "ஓடுது" என்றான்.

பந்தலுக்கு வெளியே பாஃபோவின் வண்டி பின்கதவு திறந்தபடி நின்றது. உள்ளே அவளுடைய பச்சைத் தகரப் பெட்டி தெரிந்தது. பாஃபோ வண்டியில் சாய்ந்துகொண்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை அப்பன்களுக்கு எத்தனை பேச்சு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பயமாக இருந்தது. ஆறு வாரத்தில் எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அதுதான்.

"அம்போமா" என்றேன்.

"ம்."

அன்டோபாம் பேண்டுக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவர்கள் ஊதுகுழல்களை வாயிலிருந்து இறக்கினார்கள். முந்நூறு பேரும் ஏன் சத்தம் நின்றது என்று எங்கள் பக்கம் திரும்பினார்கள். அவள் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி, என் முட்டி இடிக்கும்படி என்னைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போது கேமராவுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும்.