அழுத்தாமல் அளந்த கூரை

இதை எழுதிவிட்டாலாவது தூக்கம் வருமா என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

காட்டில் கிடைப்பதை வைத்து, ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கும் குடிசை கட்டுவதுதான் எங்கள் மாலை வகுப்பின் பாடம். ஞாயிறுதோறும் காட்டுக்குப் போய்க் கட்டினோம். முடிந்ததும் நாலு பேர் அதில் ஒரு மாதம் தங்க வேண்டும். பட்டியலில் தையற்கார அக்காவும் இருந்தாள், நானும் இருந்தேன். அக்கா தன் மகளைத் தங்கை வீட்டில் விட ஏற்பாடு செய்து, கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தாள்.

கூரைக்கு நாணலைப் பரப்பிக் கட்டியது அக்கா. கனத்தை அளந்தது நான். "உள்ளங்கையால் நன்றாக அழுத்திய பிறகு அளக்கவும்" என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். ஆனால் அன்று வண்டிக்கு நேரமாகிவிட்டது. புசுபுசுவென்று நின்ற நாணலில் குச்சியைச் செருகி, "ஒரு சாண், சரி" என்று எழுதினேன்.

முதல் மழையிலேயே உள்ளே சொட்டியது.

"கட்டு தளர்ந்திருக்கும்மா," என்றார் வாத்தியார்.

"என் கட்டா? வேணும்னா தொங்கிப் பாருங்க சார். நீங்க விழுவீங்க, அது அவிழாது."

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை.

"கனம் சரியாத்தானே இருக்கு? தம்பி நோட்டுல இருக்கே. என்னப்பா?"

நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பட்டியலில் அக்காவின் பெயரை அடித்து, வேறொருவர் பெயரை எழுதினார்கள்.

அடுத்த ஞாயிறு, தங்கப்போகாத அக்காதான் முதலில் வந்து, கூரையை மறுபடி வேய்வதற்காக ஏணியில் ஏறித் தன் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் கல் மாதிரி இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். நான் பக்கத்து நாணலை அழுத்திப் பார்த்தேன். நாலு விரல் கனம்கூட இல்லை.

"அக்கா, தப்பு என்னோடது. நான் அழுத்தாம அளந்தேன்."

அவள் திரும்பவில்லை. "எங்கிட்ட ஏன் சொல்ற? என் கட்டு எனக்குத் தெரியாதா? யார்கிட்ட சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லு."

சொன்னேன், எல்லோர் முன்னாலும். காது மடல் எரிந்தது. வாத்தியார் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதப் போனார்.

"வேணாம் சார்," என்றாள் அக்கா. "நான் போகலன்னு சொன்னதும் திங்கக்கிழமையே அந்த லீவை வேற பொண்ணுக்குக் கொடுத்துட்டாங்க. மறுபடி கேட்டா வேலையே போயிடும்."

இன்று காலை மூன்று பேர்தான் கிளம்பினார்கள். அவர்களை வழியனுப்ப அக்கா வந்திருந்தாளாம். நான் போகவில்லை.