கோட்டைத் தொட்ட அம்பு

அம்பு கோட்டைத் தொட்டிருந்தால் உள்வட்டத்தின் பெரிய எண்தான். வில்வித்தையில் எனக்குப் பிடித்த விதியே அது. இன்னொரு விதி, எண்ணை எழுதி முடிக்கும்வரை இலக்கில் தைத்த அம்பில் யாரும் கை வைக்கக் கூடாது. இரண்டும் மணிமொழிக்குத் தலைகீழாகத் தெரியும். செந்துறையிலிருந்து அரியலூருக்கு ஒரே பஸ்ஸில் போய், ஒரே வில்லை மாற்றி மாற்றி நாணிழுத்துப் பழகியவர்கள் நாங்கள். எனக்கு உள்ளங்கை வியர்க்கும் என்று பயிற்சியில் எப்போதும் அவளே என் அம்புகளையும் பிடுங்கித் தருவாள். கூடப் பிறந்திருந்தால்கூட இப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். புத்தி கெட்டவள் நான்.

பெரம்பலூரில் தேர்வு. மாநிலப் போட்டிக்கு ஒரே ஓர் இடம். பதினெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும் என்பதால் எனக்கு இதுதான் கடைசி ஆண்டு. அவளுக்கு இன்னும் ஓர் ஆண்டு பாக்கி. மற்றவர்கள் எல்லாம் பின்தங்கிவிட, மிஞ்சியது நாங்கள் இருவர், அதுவும் ஒரே இலக்கில்.

என் கடைசி அம்பு பத்துக்கும் ஒன்பதுக்கும் இடையிலுள்ள கோட்டில் தைத்திருந்தது. ஒன்பது என்றால் ஒரு புள்ளியில் அவள் ஜெயிப்பாள். பத்து என்றால் இருவரும் சமம். பத்துகள் அதிகம் எடுத்தவள் நான் என்பதால் இடம் எனக்கு. மணிமொழி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நடுவரைக் கூப்பிடச் சொன்னாள்.

நான் திரும்பிக் கையைத் தூக்கினேன். அவ்வளவு நேரம்தான். மறுபடி பார்த்தபோது என் அம்பு அவள் கையில் இருந்தது.

பழக்கதோஷத்தில் பிடுங்கிவிட்டதாக நடுவரிடம் சொல்லிக் கண் கலங்கினாள். பாவம், அவரும் நம்பினார். ஆனால் அவளுடைய மூன்று அம்புகளும் இலக்கில் அப்படியே நின்றன. பழக்கம் என்றால் அவள் அம்பைத்தானே முதலில் தொட்டிருக்க வேண்டும்? அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்பு போன ஓட்டை சுருங்கியிருந்தது. நடுவர் அவளிடமே கேட்டார்.

"கோட்டுல பட்டிருந்துச்சாம்மா?"

"நான் சரியா கவனிக்கல சார்."

ஒன்பது என்று எழுதினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் வாங்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே, "விடுடி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள்.

அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்த எனக்கு அதற்குமேல் முடியவில்லை.

"அடுத்த வருஷம் உனக்குத்தான்டி இருந்துச்சு" என்றேன். "எனக்கு இன்னிக்கு மட்டுந்தான் இருந்துச்சு."

அரியலூர் பஸ் வந்தது. அவள் முந்தி ஏறி, வழக்கம்போல எனக்கும் சேர்த்து இடம் போட்டாள். நான் ஏறவில்லை.