ஊசி பார்க்கிற வேலை

என் வீட்டுக்காரர் ருக்னுதீன் எனக்கு ஒரு சக்களத்தியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார். முப்பது வயது ஜீப். என் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற நேரமில்லாத மனிதர், அதற்குப் புது பம்ப் போட்டார், புது ஃபில்டர் போட்டார், பெட்ரோல் தூவுகிற இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினார். அப்படியும் அந்த மகாராணி கொஞ்ச தூரம் ஓடுவாள், இருமுவாள், நின்றுவிடுவாள். ஓய்வெடுத்தபின் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புவாள்.

உலு திராமில் எங்கள் சாப்பாட்டுக் கடை இராப்பகலாகத் திறந்திருக்கும். அவருக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஒரு நாளையும் இவள் செம்பனைத் தோட்டத்துச் சேற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபிறகு, ஞாயிறன்று வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். ஃபிரிட்ஜாவது அவ்வப்போது சத்தம் போடும்.

சிம்பாங் ரெங்கத்தில் செல்லப்பன் என்று ஒருவர், இருக்கிற நிலையிலேயே ஜீப்பை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் விடுவேனா?

“மெர்சிங் கடற்கர வரைக்கும் நிக்காம போகட்டும், நான் வாயே தொறக்க மாட்டேன். வழியில நின்னுச்சுனா செல்லப்பனுக்குப் போன் போடணும். நானும் கூட வருவேன்.”

“சரி லா,” என்றார். அவ்வளவு நம்பிக்கை அவருக்கு. எனக்கும்தான், அது நிற்கும் என்று.

மெக்கானிக் தங்கராஜு முந்தின நாளே பெட்ரோல் குழாயில் ஒரு பிரஷர் மீட்டரைச் செருகி, அதை முன்கண்ணாடியில் வெளிப்பக்கமாக டேப் போட்டு ஒட்டியிருந்தார்.

“அக்கா, நீங்க இந்த ஊசிய மட்டும் பாருங்க. வண்டி திணறும்போது ஊசி எறங்குச்சுனா, பெட்ரோல் சரியா வரல. எறங்காம நின்னுச்சுனா கோளாறு வேற எடத்துல.”

முன் இருக்கையில் எப்போதும் சொகுசாக வருகிற கயிற்றையும் மண்வெட்டியையும் காலடியில் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

கோத்தா திங்கி தாண்டியது. ஊசி ஆடாமல் அசையாமல் இருந்தது. அவர் பேச ஆரம்பித்தார். கடையில் பேசினால் ‘ரெண்டு தே, ஒரு ரொட்டி’ என்று யாராவது குறுக்கே விழுவார்கள். இங்கே விழ ஆளில்லை. எங்கள் கல்யாணத்தில் என் மாமா பிரியாணிச் சட்டிக்குக் காவல் நின்றதைச் சொன்னார், தன் முழங்கால் வலியைச் சொன்னார். முழங்கால் வலிக்கிறதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“நீ ஊசியப் பாக்குற மாதிரி என் சாப்பாட்டுத் தட்டப் பாத்துருந்தா நான் எளைச்சிருப்பேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கட்சி மாறிவிட்டேன் என்று நினைத்துவிடக் கூடாதே.

யானை குறுக்கே வரும் என்று எச்சரிக்கும் பலகைக்குப் பக்கத்தில் ஊசி மெல்லக் கீழே சாய்ந்தது.

“ஏங்க, எறங்குது.”

“எவ்ளோ?”

“பாதி. அதுக்கும் கீழ போவுது.”

மகாராணி இருமினாள். ஓரமாக ஒதுக்கி நிறுத்துவதற்குள் அடங்கிவிட்டாள். அவர் பானெட்டைத் திறந்துவைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். பின்னால் டேங்குக்குள் பம்ப் ‘ம்ம்ம்’ என்று முனகியது.

“பம்ப் ஓடுது! ஃபில்டர் புதுசு! பெறகு என்னதான் வேணும் உனக்கு?” என்று இஞ்சினிடம் கத்தினார். என்னிடம்கூட அப்படிக் கேட்டதில்லை.

சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று நான் தங்கராஜுவைப் போனில் கூப்பிட்டேன்.

“ஊசி பட்டுனு எறங்குச்சாக்கா, மெதுவாவா?”

“மெதுவா. பம்ப் சத்தம் கேக்குது.”

“டேங்க் மூடியத் தொறங்க. காத்த உள்ள இழுக்குதான்னு கேளுங்க. பெட்ரோல் கொறையக் கொறைய அந்த மூடி வழியா காத்து உள்ள போகணும். போகலைனா பம்ப் இழுக்க முடியாம திணறும்.”

வண்டியின் பக்கவாட்டிலிருந்த சின்னக் கதவைத் திறந்தேன். யா அல்லாஹ்! மூடி முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் பை பொதிந்திருந்தது. எங்கள் கடையில் தேநீர் ஊற்றிக் கட்டிக்கொடுக்கிற அதே பை. எங்கள் கடையின் அதே சிவப்பு ரப்பர். திருகியதும் ‘உஸ்ஸ்’ என்று நீளமாக ஓர் இழுப்பு, மூடி என் கையோடு வந்தது.

“என்னக்கா, இழுத்துச்சா?”

“பெறகு கூப்புடுறேன்.”

பையை உருவிக் கைக்குள் கசக்கிக்கொண்டேன். நான் ஜெயித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“நின்னுடுச்சு நாஸியா. பேச்சுனா பேச்சுதான்.” போனை எடுத்து செல்லப்பன் நம்பரைத் தேடினார். “போவட்டும். இனிமே ஞாயித்துக்கெழமயும் கடைக்கே போயிடுறேன். வேற என்ன வேல எனக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. வேறு என்ன வேலையா? வீட்டில் ஒருத்தி குத்துக்கல் மாதிரி இருக்கிறேனே! ஜீப் போனால் ஞாயிறு எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன். அது நேராகக் கடைக்கல்லவா போகப் பார்க்கிறது. வழியெல்லாம் என்னோடு பேசிச் சிரித்த இந்த மனிதரும் செல்லப்பன் வாங்கிப்போகிற வண்டியோடு போய்விடுவார்.

“போன வைங்க.”

“என்ன?”

கையை விரித்தேன். “இது யாரு கட்டுன கட்டு?”

“அலாமாக், ஐயையோ!” என்றார். “நான்தான். டிசம்பர் மழைல தண்ணி உள்ள எறங்கிடுமோன்னு… பெட்ரோல் ஊத்துறப்பலாம் புதுப் பை போட்டுக் கட்டுவேன்.”

“வண்டி எப்பலேருந்து நிக்குது?”

அவர் உதடுகள் மாதங்களை எண்ணின. பொத்தென்று பம்பரில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“நீ சொல்லாம இருந்துருந்தா வித்துருப்பேனே!”

“இருந்துருப்பேன், நீங்க கடைக்குப் போறேன்னு சொல்லலனா. என்கிட்ட வரணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லல்ல? பிள்ளைங்க போனதுலேருந்து அந்த வீட்டுல ஒத்தையா உக்காந்துருக்கேன். பேசக்கூட ஆளில்ல.”

அவர் எழுந்து, பை இல்லாமல் மூடியைத் திருகினார். என் காலடியில் கிடந்த கயிற்றையும் மண்வெட்டியையும் எடுத்துப் பின்னால் கொண்டுபோய் இறுக்கிக் கட்டினார். சாவியைத் திருப்பியதும் மகாராணி கிளம்பினாள். ஊசி மேலேறி நின்றது, மெர்சிங் படகுத்துறை வரை இறங்கவே இல்லை.

“கோளாறு தீந்துடுச்சு,” என்றார். “அந்த மீட்டரக் கழட்டிடவா?”

“கழட்டக் கூடாது. ஞாயித்துக்கெழமைல எனக்கு வேல வேணும்.”

அவர் இறங்கிப் போய், ஓரம் பெயர்ந்திருந்த டேப்பின் மேல் இன்னொரு துண்டை வைத்து அழுத்தி ஒட்டினார்.