ஹீட்டருக்குத் தாய்மாமன்

தேன்மட்டத்தில் எந்த வீட்டு கேஸ் ஹீட்டருக்கும் காற்றுதான் தாய்மாமன். தாய்மாமன் வீட்டுக்குள் வந்து நிற்காமல் அந்த ஊரில் யாரும் ஹீட்டரைப் பற்றவைப்பதில்லை. ஏஜென்சியில் ஹீட்டருக்குப் பதிவு செய்தால், ஊருக்கு மேலே இருக்கிற தைலமரக் காட்டிலிருந்து ஒரு காற்றையும் சேர்த்து ஒதுக்கித் தருவார்கள். அவரை வீட்டுக்கு அழைத்து வருவது வீட்டுக்காரர் பாடு. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய் நின்று, வாய் நிறைய வாங்க என்று கூப்பிட வேண்டும். மலைக்குளிருக்கு முன்னால் இதெல்லாம் ஒரு சிரமமா? எல்லாரும் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

தெய்வசிகாமணி மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

மரியாதை தெரியாதவன் இல்லை அவன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். வருகிற பஸ்ஸுக்கும் போகிற பஸ்ஸுக்கும் நேரம் எழுதி எழுதி, எதையும் சட்டுப்புட்டென்று முடித்துவிட வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டே இருக்கும். அதோடு, சேர்ந்து போய்க் கூப்பிடப் பெண்டாட்டியும் ஊரில் இல்லை. பூங்கோதை பிரசவத்துக்காகக் கோபிச்செட்டிபாளையத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை பிறந்து தொண்ணூற்று நான்கு நாள் ஆகியிருந்தது. மகளை அவன் பார்த்தது இரண்டே தடவை. பிறந்த அன்று ஒரு தடவை, பேர் வைத்த அன்று ஒரு தடவை. இரண்டு தடவையும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கண் எப்படி இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அதை நினைத்தால் பாவம், டூட்டி நோட்டில் எழுத்து கோணிக்கொண்டு போகும்.

மாமியார் நாச்சம்மாள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“கணப்பில்லாத வூட்டுக்குப் பச்சப்புள்ளைய அனுப்ப மாட்டேனுங்க மாப்ள. புதன்கெழமைக்குள்ள ஹீட்டரு எரிஞ்சா அனுப்பறேன். இல்லீன்னா பனியெல்லாம் போகட்டும், மாசியில பாத்துக்கலாம்.”

அப்போது மார்கழி பாதிதான் ஆகியிருந்தது. மாசி வரைக்கும் என்றால் இன்னும் இரண்டு மாதம். அதற்குள் குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, யார் யாரையோ பார்த்துச் சிரித்துப் பழகிவிடும். அன்றைக்கே சிகாமணி ஹீட்டருக்குப் பதிவு செய்தான். காற்றுக்குச் செய்தி அனுப்பினான். இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதோடு சரி.

திங்கட்கிழமை மெக்கானிக் அப்பாஸ் பாய் ஹீட்டரைக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினார். மாட்டிவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார். ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு ஒன்றையும் விடாமல் மைதாப் பசை போட்டுச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. குழந்தைக்குக் குளிர் அடிக்கக்கூடாதென்று சிகாமணி ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டியது.

“எல்லா இடுக்கையும் அடைச்சு வச்சிருக்கீங்க. மாமா எந்த வழியா வருவாரு?” என்றார் பாய். “கூப்பிட்டாச்சுல்ல?”

“கூப்பிட்டாச்சு பாய்.”

“எப்படி?”

“வாட்ஸ்அப்ல.”

அப்பாஸ் பாய் ஸ்பானரைப் பைக்குள் போட்டார். கரித்துண்டு ஒன்றை எடுத்து, சுவரின் அடியில் செங்கல் அளவுக்கு ஒரு கட்டம் போட்டார். பிறகு நாற்காலியில் ஏறி, மேலே சிமெண்டு பூசி அடைத்திருந்த பழைய வென்டிலேட்டரைச் சுற்றி இன்னொரு கட்டம் போட்டார்.

“கீழ ஒண்ணு அவரு வர்றதுக்கு. மேல ஒண்ணு போறதுக்கு. ரெண்டையும் தொறந்து வைங்க. மாமா உள்ள வந்ததும் போன் பண்ணுங்க, வந்து பத்தவைக்கிறேன்.”

கீழ்க் கட்டத்தை சிகாமணி அன்றைக்கே உடைத்துத் திறந்தான். ஒட்டிய தாளையெல்லாம் கிழித்தான். மேலே இருந்ததை மட்டும் தொடவில்லை. வீட்டுக்கு முதல்முறை வருகிற தாய்மாமனுக்கு, வந்த அன்றே வெளியே போகிற வழியைக் காட்டுவதா? நல்ல குடும்பத்தில் யாராவது அப்படிச் செய்வார்களா? எப்போது கிளம்புகிறீர்கள் என்று விருந்தாளியைக் கேட்ட பரம்பரை இல்லை அவனுடையது.

காற்று அன்று மாலையே வந்துவிட்டது. ஆனால் வாசல் கேட்டோடு நின்றுவிட்டது. தெருவில் எந்தச் செடியும் அசையவில்லை. சிகாமணி வீட்டுக் கேட்டின் மேல் படர்ந்திருந்த காகிதப்பூ மட்டும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

“உள்ள வாங்க மாமா” என்றான். ஆட்டம் நிற்கவுமில்லை, உள்ளே நகரவுமில்லை. நாற்காலி போட்டான். காபி வைத்தான். காபி ஆறியது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டுப் புஷ்பராணி அக்கா பால் வாங்கிக்கொண்டு வரும்போது, கேட்டருகில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, காற்றுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

“தனி ஆளா கூப்பிட்டா அது பாதி அழைப்புதான் தம்பி. பாதி அழைப்புக்கு வாசல் கேட் வரைக்கும்தான் வருவாங்க. கோதை கூட நின்னு கூப்பிட்டாத்தான் மீதி.”

“அவ வரணும்னா ஹீட்டர் எரியணுமே அக்கா. ஹீட்டர் எரியணும்னா மாமா உள்ள வரணும்.”

“அப்ப மாமாவக் கூட்டிக்கிட்டு நீ கோபிக்குப் போ” என்றாள் அக்கா. “இதுக்குப் போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு!”

அதுவும் சரிதான் என்று சிகாமணிக்குப் பட்டது. இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தான். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வாங்கிக்கொண்டான். கேட்டருகே போய், “உங்க தங்கச்சி மாதிரி ஒருத்தி கீழே இருக்கா மாமா, அவ வாயால கூப்பிடணும்னு ஆசைப்படறா” என்று சொல்லிவிட்டு நடந்தான். காகிதப்பூ அடங்கியது. கழுத்துக்குப் பின்னால் சில்லென்று ஒரு துணை அவனோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தது.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைக் காற்றுக்கு விட்டு, இவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணாடியைத் திறந்தே வைத்தான். முன் சீட்டுக்காரர் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு, “யாருய்யா அது, கண்ணாடிய மூடுங்கய்யா!” என்று கத்தினார்.

“ஹீட்டர் மாமா போறாருங்க” என்றார் கண்டக்டர்.

முன் சீட்டுக்காரர் எழுந்து நின்று மஃப்ளரைக் கழற்றினார். பிறகு இருமிக்கொண்டே உட்கார்ந்தார். கோபி வரைக்கும் அவர் அதை மறுபடி கட்டவில்லை.

மாமியார் வீட்டு வாசலில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாச்சம்மாள் மருமகனை வாங்க என்றாள், அவனுக்குப் பின்னால் நின்றவரையும் வாங்க என்றாள். உள்ளே போனதும் முதல் வேலையாக ஃபேனை நிறுத்தினாள். விருந்தாளியாகக் காற்று வந்திருக்கும்போது தலைக்கு மேலே இன்னொன்றைச் சுழலவிடுவது எவ்வளவு பெரிய அவமானம், அது அவளுக்குத் தெரியாதா? வீடே வேர்த்து வழிந்தது.

குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் தூக்கம்தான்.

நாச்சம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து காற்றை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு முறை மூச்சை இழுத்தாள். “தைல வாசம். சளிக்கு நல்லதுதானுங்க” என்றாள். பிறகு சட்டென்று கேட்டாள், “ஒரு வூட்ல எத்தன நேரம் இருப்பீங்க?”

சிகாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுத்த எடுப்பிலேயே இப்படியா? மானம் போயிற்று என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

காற்று கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து கூடத்தைக் கடந்து கொல்லைக்கதவு வழியாக வெளியே போனது. காலண்டர் தாள் படபடத்து அடங்கியது. ஒரு நிமிஷம் கழித்து முன்வாசல் வழியாக உள்ளே வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. வாசம் புதிதாக இருந்தது.

“போக வரத் தெரிஞ்ச ஆளு” என்றாள் நாச்சம்மாள். “இந்த எடம் தேவலாம். கோதை, தட்டெடு.”

பூங்கோதை முகம் கழுவி, பொட்டு வைத்து, தட்டோடு வந்தாள். சிகாமணி அவள் பக்கத்தில் நின்று தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அந்த வீட்டில் நான்கும் பெண்கள். யாரையும் கூடப்பிறந்தவன் என்று கூப்பிட்டதில்லை அவள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“அண்ணா, எங்க வீட்டுக்கு வாங்க.”

சொன்னதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டிலிருந்த வெற்றிலை மேல் மட்டும் லேசாக எழும்பிப் படிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அவர் சிகாமணிக்கு மச்சான்.

ஆனாலும் நாச்சம்மாள் லேசில் விடுகிற ஆளா? தானும் கூட வருவதாகச் சொன்னாள். “எரியறதக் கண்ணால பாப்பேன். சரியில்லீன்னா ஆறு மணி பஸ்ஸுல புள்ளையோட கீழ எறங்கிருவேன். அப்பறம் கோவிச்சுக்கக்கூடாது.”

புதன்கிழமை நான்கு பத்துக்குத் தேன்மட்டம் வந்து சேர்ந்தார்கள். வழியெல்லாம் குழந்தை பூங்கோதை மடியில், பக்கத்து சீட்டில் மச்சான். சிகாமணி நின்றுகொண்டே வந்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்தே போன் செய்திருந்ததால் அப்பாஸ் பாய் வாசலில் காத்திருந்தார். மச்சான் கேட்டைத் தாண்டினார். முற்றத்தைத் தாண்டினார். சுவரடியில் திறந்த கட்டம் வழியாகக் குனிந்து கூடத்துக்குள்ளும் வந்துவிட்டார். சிகாமணிக்கு உயிர் வந்தது.

பாய் ஹீட்டரைப் பற்றவைத்தார்.

சுடர் கொஞ்ச நேரம் நீலமாக நின்றது. பிறகு நுனியில் மஞ்சள் ஏறியது. பூங்கோதை நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “தலையை வலிக்குதுங்க” என்றாள். பாய் சட்டென்று குமிழைத் திருகி அணைத்தார். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்துவிட்டார்.

“மஞ்சளா எரிஞ்சா நான் விட்டுட்டுப் போக மாட்டேன். இது உயிர் போற விஷயம்” என்றார்.

திறந்த கதவு வழியாகப் பனி உள்ளே வந்தது. குழந்தையின் மூக்கு நுனி சிவந்துபோயிற்று. நாச்சம்மாள் குழந்தையை வாங்கித் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். பையை மடியிலிருந்து இறக்காமலே உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணி.

சிகாமணி காற்றின் முன்னால் கை கட்டி நின்றான். “என்ன குறை வச்சேன் மச்சான்? சொல்லுங்க.” இன்னொரு தட்டு வைக்கலாமா, வேட்டி துண்டு எடுத்துக் கொடுக்கலாமா என்றெல்லாம் அவன் மனது அலைந்தது.

“ஏங்க” என்றாள் பூங்கோதை. “வந்தவரு போறதுக்கு வழி எங்கே?”

“வந்த அன்னிக்கே எப்படி கோதை...”

“எங்க வீட்ல பின்பக்கமாப் போயி முன்பக்கமா வந்தாரே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? எங்கண்ணன உள்ள விட்டு அடைச்சா வச்சிருக்கீங்க?”

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவள் அண்ணன் பக்கம் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. குரலில் அப்படி ஒரு தெம்பு! சிகாமணி உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு நாற்காலியில் ஏறினான்.

வென்டிலேட்டரின் சிமெண்டு கெட்டியாக இருந்தது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். கீழே நாச்சம்மாள் எழுந்து நின்று செருப்பை மாட்டிக்கொள்வது கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓயும் என்று பயம். அடித்தான். அடித்தான். ஐந்தே முக்காலுக்கு ஒரு கட்டி அப்படியே பெயர்ந்து வெளிப்பக்கம் விழுந்தது. கை அகலத்துக்கு வானம் தெரிந்தது.

அவன் காதை உரசிக்கொண்டு மச்சான் வெளியேறினார். கீழ்க் கட்டத்து வழியாக மறுபடி உள்ளே வந்தார். போனார், வந்தார்.

அப்பாஸ் பாய் கதவைச் சாத்திவிட்டுப் பற்றவைத்தார். நீலம். ஐந்து நிமிஷம் பார்த்தார், பத்து நிமிஷம் பார்த்தார். ஓரத்தில்கூட மஞ்சள் இல்லை.

“இந்த ரெண்டு வழியையும் எந்தக் காலத்துலயும் அடைக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

ஆறு மணி பஸ் கீழே வளைவில் ஹாரன் அடித்தது. நாச்சம்மாள் செருப்பைக் கழற்றினாள். பையை மூலையில் வைத்தாள். சால்வையைப் பிரித்துக் குழந்தையை எடுத்து சிகாமணியின் கையில் கொடுத்தாள். கையெல்லாம் சிமெண்டுத் தூசி, துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. குழந்தை விழித்திருந்தது. கண் அவன் நினைத்ததைவிடப் பெரிசு, கறுகறுவென்று இருந்தது. அவனையே பார்த்தது. அவன் அழுதுவிட்டான். அழட்டும் என்று எல்லாரும் அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை ஏழு மணி டூட்டிக்காக யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு அவன் கூடத்துக்கு வந்தான். ஹீட்டர் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. தரையில் விரித்திருந்த கோரைப்பாயில் குழந்தை இல்லை. அதற்கு மேலே, அவன் நெஞ்சு உயரத்தில், தொட்டிலோ கயிறோ எதுவும் இல்லாமல் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தாள்.

“தூக்கிறாதீங்க” என்றாள் பூங்கோதை அடுப்படியிலிருந்து. “இப்பத்தான் அவ மாமா மடியில தூங்கினா.”

சிகாமணி தொங்கிக்கொண்டிருந்த போர்வை முனையை எடுத்து மகளின் பாதத்தைச் சுற்றிச் செருகினான். இரண்டு பேருக்கும் சேர்த்துப் போயிட்டு வரேன் என்று மெல்லச் சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினான்.